‘ஒண்ணுமில்லை, போய்ப் படுங்க’ என்ற பதில் போதாது

கேள்வி: எனக்கு வயது 39. கரூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஐந்து மாதமாக ராத்திரியில் ஒரு தொந்தரவு. நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு மணி ஒன்றரை மணி வாக்கில், தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுகிறேன். இரண்டு கை விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊறுவது போல இருக்கிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூச்சு போதவில்லை. இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றுகிறது. கால் மணி, இருபது நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். இதுவரை ஆறு முறை வந்துவிட்டது. இரண்டு முறை ராத்திரியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்துவிட்டு, ‘ஒண்ணுமில்லை, கேஸ்தான், போய்ப் படுங்க’ என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். பள்ளியில் மூன்று மாடி ஏறி இறங்கும்போது எந்தச் சிரமமும் இல்லை. போன வருடம் என் அப்பா 61 வயதில் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, ஏழு கிலோ இளைத்துவிட்டேன். இப்போது படுக்கையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். எனக்கு இருப்பது இதய நோயா, மனப் பிரச்னையா? ஆஞ்சியோ எடுக்க வேண்டுமா? (விடியற்காலையில் வலது கை மட்டும் மரத்துப்போகும், உதறினால் சரியாகிவிடும். தைராய்டு மாத்திரை 100 சாப்பிடுகிறேன், மூன்று வருடமாக அதே அளவு. மாதவிலக்கு கொஞ்சம் அதிகம்.)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடைசியில் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று வரியில்தான் நான் முதலில் நின்றேன். இரண்டு முறை ராத்திரியில் உங்களைப் பார்த்தவர்களிடம் இதையெல்லாம் சொன்னீர்களா, அவர்கள் கேட்டார்களா என்று தெரியவில்லை. நள்ளிரவில் பயந்துபோய் வந்து நிற்பவருக்கு மாத்திரைப் பெயரெல்லாம் ஞாபகம் வராது. கேட்க வேண்டியது டாக்டர்களான எங்கள் வேலை.

‘ஒண்ணுமில்லை’ என்பதை நான் ஏற்கவில்லை. ஆறு இரவுகள் ஒருவரைத் தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்புகிற ஒன்று ‘ஒண்ணுமில்லை’ ஆகாது. அந்த நேரத்தில் எடுத்த ஈசிஜியில் மாரடைப்புக்கான அடையாளம் இல்லை என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. அது நல்ல செய்தி, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு தாளில் இருந்து அதற்கு மேல் எதையும் முடிவு செய்ய முடியாது. நீங்கள் வண்டி பிடித்து, சீட்டுப் போட்டு, படுக்கையில் படுத்து, ஈசிஜி ஒட்டுவதற்குள் படபடப்பு அடங்கியிருக்கும். திருடன் போன பிறகு வாசலைப் போட்டோ எடுத்து வைத்தது போலத்தான்.

முதலில் தைராய்டு. மூன்று வருடமாக 100 மைக்ரோகிராம். இந்த ஒரு வருடத்தில் ஏழு கிலோ குறைந்திருக்கிறீர்கள். அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் எவ்வளவு தேவை என்பது உடல் எடையைப் பொறுத்தது. எடை இறங்கும்போது பழைய அளவே அதிகமாகிவிடலாம். அப்படி அதிகமானால் என்ன ஆகும்? படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கம் கெடுதல், இன்னும் இளைத்துப்போதல். அப்பாவின் துக்கத்தில் சாப்பிடாமல் இளைத்தேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படியும் இருக்கலாம். மாத்திரையும் சேர்ந்து இளைக்க வைத்திருக்கலாம். டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 என்ற ரத்தப் பரிசோதனை இதைச் சொல்லிவிடும். அளவு சரியாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை இந்தப் பரிசோதனை அவசியம். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இதைப் படித்துவிட்டு நாளையே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பாதியாக உடைத்தும் சாப்பிட வேண்டாம். ரிசல்ட்டைப் பார்த்து உங்கள் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

இதில் ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரிவதில்லை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தைராய்டுக்கு மருந்து எடுக்கும் பெண்கள் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். சில லேப் முறைகளில் அது ரிசல்ட்டையே தவறாகக் காட்டிவிடும். தைராய்டு அதிகமாக இருப்பது போலத் தெரியும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது மாதவிலக்கு. ‘கொஞ்சம் அதிகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் பெண்கள் ‘கொஞ்சம்’ என்று சொன்னால் நான் இரண்டாவது முறை கேட்பேன். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. நன்றாகக் குறைந்துவிட்டால் இருக்கிற ரத்தத்தை வைத்து ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். உட்கார்ந்த இடத்தில்கூடப் படபடப்பு வரும். மாடி ஏறச் சிரமமில்லை என்பதால் உங்களுக்கு அவ்வளவு குறைந்திருக்காது என்று நினைக்கிறேன், ஆனாலும் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் அதே கணக்கு. சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

சரி, இதயம். நீங்கள் ஆஞ்சியோ வரைக்கும் போய்விட்டீர்கள். இப்போதைக்கு அதற்கு அவசியம் தெரியவில்லை. ஆஞ்சியோகிராம் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. அடைப்பினால் வரும் தொந்தரவு பெரும்பாலும் இதயத்துக்கு வேலை கூடும்போது தலைகாட்டும். மூன்று மாடி ஏறும்போது வராதது தூக்கத்தில் மட்டும் வருகிறது என்றால் முதல் சந்தேகம் அடைப்பின் மேல் விழாது. அப்பா 61 வயதில் போனதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால்தான் அதைக் குடும்பத்தில் இளவயதில் வந்த மாரடைப்பு என்று கணக்கில் எடுப்போம். உங்கள் அப்பாவின் வயது அந்தக் கோட்டைத் தாண்டியது. அதனால் அது உங்கள் தலையில் எழுதி வைத்த விதி போல ஆகாது. பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும்.

அடைப்பை விட நான் தேடுவது இதயத்தின் மின்சாரக் கோளாறை. இதயத் துடிப்பு ஒரு சிறு மின்னோட்டத்தால் நடக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்குப் பாதை இருக்கும். மின்னோட்டம் அதற்குள் புகுந்து சுற்ற ஆரம்பித்தால் இதயம் நிமிடத்துக்கு 150, 180, சில சமயம் 200 முறைக்கு மேல்கூட அடிக்கும். எஸ்விடி என்று சொல்வோம். பயத்தில் வருகிற படபடப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எஸ்விடி ஸ்விட்ச் போட்டது போலச் சட்டென்று ஆரம்பிக்கும், அணைத்தது போலச் சட்டென்று நிற்கும். ‘பயம்தாம்மா, மனசைத் திடமா வச்சுக்கோங்க’ என்று பல வருடம் சொல்லி அனுப்பப்பட்டு, பிறகு எஸ்விடி என்று கண்டுபிடிக்கப்பட்ட பெண்கள் உண்டு. இதைச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அது காலில் உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்திப் பெரும்பாலும் நிரந்தரமாகவே சரிசெய்துவிடக்கூடிய நோய்.

அதனால் உங்கள் கணவருக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை வரும்போது அவர் உங்கள் மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, இரண்டு விரலை வைத்து நாடி பார்க்கட்டும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வீட்டில் கிடந்தால் அதை விரலில் மாட்டினாலும் போதும். எவ்வளவு, துடிப்பு ஒரே சீராக இருக்கிறதா தாறுமாறாகவா, எப்படி நின்றது, இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 110, 120 என்று இருந்து மெதுவாக இறங்கினால் அது ஒரு கதை. 170 என்று இருந்து திடீரென நின்றால் வேறு கதை. எந்தப் பரிசோதனைக் கூடமும் தர முடியாத தகவல் இது, ஏனென்றால் அந்த ஒன்றரை மணிக்கு உங்கள் பக்கத்தில் இருப்பவர் அவர்தான்.

ஹோல்டர் என்று ஒரு கருவி உண்டு. 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டிக்கொண்டு இருந்தால் ஒவ்வொரு துடிப்பையும் பதிவு செய்யும். உங்களுக்கு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது என்பதால் ஒரு நாள் ஹோல்டரில் சிக்காமல் போகலாம். நாடிக் கணக்கு சந்தேகத்தைக் கிளப்பினால் ஒரு வாரம், இரண்டு வாரம் ஒட்டியிருக்கும் வகையை இதய மருத்துவர் எழுதித் தருவார். ஏற்கெனவே எடுத்த இரண்டு ஈசிஜி தாள்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குறுக்குப் பாதை உள்ள சிலருக்குத் துடிப்பு அடங்கியிருக்கும்போது எடுத்த ஈசிஜியிலேயே அதன் சாயல் தெரியும். மறுபடி ஒருவர் நிதானமாக அதைப் பார்க்க வேண்டும்.

இனி அந்த எறும்பு ஊறுதல். நீங்கள் சொன்னதில் இரண்டு விதம் கலந்திருக்கிறது. விடியற்காலையில் வலது கை மட்டும் மரத்து, உதறினால் சரியாவது தனி. மணிக்கட்டின் வழியாகப் போகிற ஒரு நரம்பு அங்கே நெருக்கப்படுவதால் வருவது. கார்ப்பல் டனல் என்பார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றில்தான் அதிகம் தெரியும், சுண்டுவிரலுக்கு வராது. நடுவயதுப் பெண்களுக்கும் தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கும் சகஜம். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை கட்டிக்கொண்டால் பெரும்பாலும் குறைந்துவிடும். இதற்கும் இதயத்துக்கும் சம்பந்தமில்லை. இதை நினைத்துத் தனியாக ஒரு பயம் வேண்டாம்.

இரண்டு கையிலும் உதட்டைச் சுற்றியும் ஒரே நேரத்தில் வருவதுதான் நம் விஷயம். அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் குறையும் என்பது என் அனுபவம். பயத்தில் நாம் மூச்சை வேகவேகமாக இழுத்து விடுகிறோம். மூச்சு போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் இழுக்கிறோம். உண்மையில் ஆக்ஸிஜன் அப்போது போதிய அளவு இருக்கும். வெளியே அளவுக்கு மீறிப் போவது கார்பன் டை ஆக்ஸைடு. அது குறையும்போது ரத்தத்தின் காரத்தன்மை சற்று ஏறுகிறது. ரத்தத்தில் சுதந்திரமாகத் திரியும் கால்சியத்தில் ஒரு பங்கு போய்ப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கால்சியம் குறைந்ததும் நரம்புகள் சின்னத் தூண்டுதலுக்கும் துடிக்க ஆரம்பிக்கின்றன. விரல் நுனியிலும் உதட்டோரத்திலும் அது ஊசி குத்துவது போல, எறும்பு ஊறுவது போலத் தெரிகிறது. சிலருக்கு விரல்கள் மடங்கி இறுகிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் வலிப்பு என்று பயந்துவிடுவார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் கொஞ்சம் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும். மூச்சு நிதானமானால் சில நிமிடங்களில் எல்லாம் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். எதுவும் சேதமாகாது.

இதெல்லாம் விழித்திருக்கும்போது வந்தால் ‘பயத்தாக்குதல்’, பேனிக் அட்டாக், என்று எளிதாகப் புரியும். தூங்கிக்கொண்டிருந்தவருக்கு எங்கிருந்து பயம் வந்தது? நிறையப் பேர் குழம்பும் இடம் இது. கெட்ட கனவு கண்டு எழுவது வேறு. பேனிக் தூக்கத்திலும் வரும். கனவு காணும் தூக்கத்தில் அல்லாமல், படுத்த முதல் சில மணி நேரத்தில், லேசான தூக்கம் ஆழமாக மாறுகிற கட்டத்தில்தான் பெரும்பாலும் வருகிறது. அதனால்தான் எழுந்ததும் பெரும்பாலும் கனவு எதுவும் ஞாபகமிருக்காது, நேராக உடம்பின் அலறல்தான் தெரியும். நீங்கள் பதினொரு மணிக்குப் படுப்பவராக இருந்தால் ஒரு மணி, ஒன்றரை மணி என்பது இதோடு பொருந்துகிறது.

1871ல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் தான் பார்த்த சிப்பாய்களைப் பற்றி எழுதினார். நெஞ்சு படபடப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சு வலி என்று வந்தவர்களிடம் சோதித்தால் இதயத்தில் கோளாறு எதுவும் தட்டுப்படவில்லை. அவர்களில் பலருக்கு இருந்தது இன்று நாம் பதற்ற நோய் என்று அழைப்பதாக இருக்கலாம். துப்பாக்கி பிடித்த ஆண்கள் அவர்கள். மனசு பலவீனம், தைரியமில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, உங்கள் கேள்வி: இதயமா, மனமா? தைராய்டு அளவு கூடியிருந்தால் அது உடம்பை எப்போதும் ஒரு முறுக்கில் வைத்திருக்கும். அப்பா தூக்கத்தில் போனார் என்ற நினைவு தூக்கத்தையே ஆபத்தாக்கிவிட்டது. ராத்திரி பரீட்சைத் தாள் திருத்தும்போது குடிக்கிற காப்பியும் உண்டென்று நினைக்கிறேன். மாலை நான்கு மணிக்கு மேல் காப்பி டீ வேண்டாம், குடித்ததில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும். இவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஒன்றைப் பிடித்து இதுதான் என்று சொல்ல என்னால் முடியாது, நேரில் பார்க்கும் டாக்டரும் ஒரே நாளில் சொல்லத் தேவையில்லை. தைராய்டும் ரத்தமும் ஈசிஜியும் நாடிக் கணக்கும் சரி என்றால் பேனிக் என்றுதான் நான் முடிவுக்கு வருவேன். அதுவும் சிகிச்சை உள்ள நோய்தான்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? எழுந்து உட்காருங்கள், கால் இரண்டும் தரையில் படட்டும். மூக்கால் நான்கு எண்ணும் வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். இழுப்பதை விட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் இதில் உயிர்நாடி. ஐந்து நிமிடம் தொடருங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வார்கள், செய்யாதீர்கள். வந்தது நுரையீரல் பிரச்னையாகவோ இதயப் பிரச்னையாகவோ இருந்தால் அது ஆபத்து. வீட்டில் இருப்பவர்கள் சுற்றி நின்று கூச்சல் போட வேண்டாம். ‘பக்கத்துல இருக்கேன், இது இறங்கிடும்’ என்று கணவர் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஆனால் சில நேரத்தில் மூச்சு எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. நெஞ்சில் கல்லை வைத்தது போல அழுத்தம் இருந்து விடாமல் நீடித்தால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால், மயங்கி விழுந்தால், நாடி 150க்கு மேல் போய் இறங்காமல் நின்றால் உடனே 108. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம். இது உங்களுக்கு மட்டும் எழுதுவது இல்லை. ‘கேஸ்’ என்ற ஒரே சொல் நம் வீடுகளில் எத்தனையோ மாரடைப்புகளை மறைத்திருக்கிறது. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல், வெறும் மூச்சிரைப்பாகவும் குமட்டலாகவும்கூட அது வரும். இது வழக்கமானதுதானா என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏழாவது முறை போனாலும் யாரும் உங்களைச் சலித்துக்கொள்ளக் கூடாது.

பேனிக் என்று உறுதியானால் இரண்டு வழி. பேச்சு வழியான சிகிச்சை, சிபிடி என்பது: உடம்பின் சின்ன அசைவைக்கூட மரணம் என்று மனம் மொழிபெயர்ப்பதைப் பழக்கத்தால் மாற்றுவது. அப்புறம் செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மருந்துகள். இவை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் பதற்றம் கொஞ்சம் கூடவும் கூடும், சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரை போலப் பழக்கமாகிவிடும் என்ற பயம் இவற்றுக்குப் பொருந்தாது. பழக்கமாவது அல்ப்ரஸோலம், குளோனாஸெபாம் வகை. தெரிந்த மருந்துக்கடையில் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம். மனநல மருத்துவர் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இருப்பார். ராத்திரி ஒன்றரை மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்தது, 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

மாமியார் கட்டிய கயிறு கையிலேயே இருக்கட்டும், அது அவருடைய அக்கறை. அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல முடியும், டாக்டர் அதையும் கேட்பார்.

இந்தச் சனிக்கிழமை பள்ளி இல்லையென்றால் அன்று காலையே போய்விடுங்கள். வெறும் வயிற்றில் போனால் சர்க்கரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். அன்று மட்டும் தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டை, பழைய ஈசிஜி தாள் இரண்டு, நாடி எழுதிய நோட்டு, மூன்றும் பையில் இருக்கட்டும். டிஎஸ்ஹெச் எவ்வளவு வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.